பொய் சொல்லாத அம்பயர்

நான் எழுதிய நிரூபணம் ஒன்று என் மேசை இழுப்பறையில் ஆறு வருடமாகக் கிடக்கிறது. 'நான் எழுதிய' என்பதில் பொய் எதுவும் இல்லை. அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்குத் தப்பித்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் சுற்றி வளைப்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

மலேசியாவில், செமினிக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் படிப்பு. இரண்டாம் ஆண்டில் அல்காரிதம் என்று ஒரு பாடம் வந்தது. ஒரு வேலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, அது மிக மோசமான நிலைமையில் எத்தனை அடி எடுத்துவைக்கும் என்று எண்ண வேண்டும். அதைவிடக் குறைந்த அடியில் யாராலும் முடிக்க முடியாது என்று நிரூபிக்கவும் வேண்டும். எண்ணுவது எனக்கு வந்தது. நிரூபிப்பது வரவே இல்லை. ஒன்றை முடியும் என்று காட்டுவதற்குச் செய்து காட்டினால் ஆயிற்று. முடியாது என்பதை எப்படிக் காட்டுவது? உலகத்தில் உள்ள அத்தனை பேரும் முயன்று பார்த்துத் தோற்றார்கள் என்று பட்டியல் போடுவதா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாததை மனப்பாடம் செய்து பரீட்சைகளைத் தாண்டியவள் நான். எழுபது பக்க நோட்ஸை ஒப்பிக்கச் சொன்னால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஒரே ஒரு 'ஏன்' கேட்டால் விழிப்பேன்.

என் அறையில் இருந்தவளுக்கு அந்த 'ஏன்' மட்டும்தான் தெரியும்.

அவள் கிள்ளான்காரி. அம்மா ஷா ஆலமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவள் ஆறு வருடம் தமிழ்ப் பள்ளியில் படித்தாள், பிறகு இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தாள், பிறகு எங்களோடு ஆங்கிலத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். மூன்று மொழியில் படித்தும் கணக்கு மட்டும் அவளுக்குத் தமிழிலேயே தங்கிவிட்டது. குளித்துக்கொண்டே வாய்விட்டு, "எனவே, ஆகவே, இதிலிருந்து" என்று முணுமுணுப்பாள். வெளியே துண்டோடு காத்திருக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கும். கதவைத் தட்டி, "முதல்ல சோப்பு போடு, அப்புறம் எனவே போடலாம்," என்பேன்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம். தமிழ் எழுதப் படிக்க, கோயில் மண்டபத்தில் நடந்த ஞாயிறு வகுப்பில்தான் கற்றேன். ஆங்கிலத்தில் வாய் கிழியப் பேசுவேன். தெரியாத விஷயத்தைக்கூடத் தெரிந்ததுபோலப் பேசத் தெரியும், அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவளுக்கு ஆங்கிலம் வராதென்றில்லை. மெதுவாகப் படித்தால் புரியும். ஆனால் யாராவது முகத்துக்கு நேரே கேள்வி கேட்டால் ஒரு வார்த்தையும் வராது. முதல் ஆண்டில் ஒரு தாளில் பாதி மலாய், பாதி ஆங்கிலமாக எழுதித் தோற்றிருந்தாள். அதனால் அவள் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. இன்னொரு பாடத்தில் தோற்றால் இடம் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். மற்ற எதை மறந்தாலும், அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவள் கணக்கைத் தமிழில் விளக்குவாள், நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன், என் ஆங்கிலத்தைப் பார்த்து அவள் எழுதிக்கொள்வாள். இதில் யாருக்கும் குற்ற உணர்வு இருந்ததாக ஞாபகமில்லை. விரிவுரைக் கூடத்தின் பின்வரிசையில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். ஒருத்தருக்குப் புரிந்தால் அது தமிழாகவோ மலாயாகவோ மாறி வரிசை முழுக்கப் போய்ச் சேரும், திரும்பி வரும்போது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நிரூபணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கொமுட்டர் ரயிலில் பிறந்தது. வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விட்டு, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் சேர்ந்துகொண்டு, செமினிக்குக் கிட்டே உள்ள காஜாங்குக்கு ரயில் ஏறுவது எங்கள் வழக்கம். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. மறுநாள் மாலைக்குள் கொடுக்க வேண்டிய கணக்கு இது: ஒரு குவியல் எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கண்டுபிடிக்க, குறைந்தது எத்தனை முறை ஒப்பிட வேண்டும் என்று நிரூபிக்கவும்.

அவள் பள்ளியில் பேட்மிண்டன் ஆடியவள். எண்களை விட்டுவிட்டு ஆட்டக்காரிகளை எடுத்துக்கொண்டாள்.

"எட்டுப் பேரு விளையாடுறாங்கன்னு வை. யாரு பெஸ்ட்டு, யாரு கடைசி, ரெண்டும் சொல்லணும். எத்தனை மேட்ச் வேணும்?"

"ஏழு மேட்ச்ல பெஸ்ட்டு தெரிஞ்சிடும். மிச்ச ஏழு பேருக்குள்ள ஆறு மேட்ச். பதிமூணு," என்றேன்.

"பத்து போதும்லா. ஜோடி ஜோடியா நாலு மேட்ச் போடு. ஜெயிச்ச நாலு பேருக்குள்ள மூணு, தோத்த நாலு பேருக்குள்ள மூணு."

"சரி, பத்துல முடியுது. பத்துக்குக் கீழ முடியவே முடியாதுன்னு எப்படிக் காட்டுவ? அதான கேள்வி?"

ரயில் மிட் வேலியில் நின்று ஜனம் ஏறியது. பக்கத்தில் ஒரு மலாய்க்கார அக்கா நிறையப் பைகளோடு வந்து நின்றதும், அவள் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஒருத்தி பெஸ்ட்டு இல்லன்னு சொல்லணும்னா அவ ஒரு தடவையாவது தோத்திருக்கணும். கடைசி இல்லன்னு சொல்லணும்னா ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கணும். அப்ப நமக்கு ஏழு தோல்வி வேணும், ஏழு ஜெயிப்பு வேணும். மொத்தம் பதினாலு சேதி. சரியா?"

"சரி."

"இப்ப ஒரு அம்பயர் இருக்கான், ஒவ்வொரு மேட்ச்லயும் யாரு ஜெயிக்கணும்னு அவன்தான் முடிவு பண்ணுவான். கெட்டவன். ஆனா பொய் சொல்ல மாட்டான். முன்னாடி சொன்னத மாத்தவும் மாட்டான். நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவான். அதுலயும் எது உனக்குக் கம்மியா உதவுமோ, அதப் பார்த்துச் சொல்லுவான்."

"அடப்பாவி."

"ஆடுற ரெண்டு பேரும் புதுசா இருந்தா மட்டும் அவனால ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தி ஜெயிப்பா, ஒருத்தி தோப்பா, உனக்கு ரெண்டு சேதி. அது நாலு தடவைக்கு மேல நடக்காது, எட்டுப் பேருதானே. மத்த மேட்ச் எல்லாத்துலயும் ஒரு சேதிக்கு மேல தர மாட்டான். ஏற்கனவே ஜெயிச்சவ புதுசா வந்தவகூட ஆடினா, ஜெயிச்சவளையே திரும்ப ஜெயிக்க விடுவான். அப்ப நாலு மேட்ச்ல எட்டு சேதி, மிச்சம் ஆறு சேதிக்கு ஆறு மேட்ச். பத்து. அவன்கிட்ட மாட்டினா எவ்ளோ கெட்டிக்காரியா இருந்தாலும் பத்துக்குக் கீழ முடியாது."

பாடப் புத்தகத்தில் இதே வகை வாதம் 'எதிராளி' என்ற பெயரில் இருந்தது, நான்கு தடவை வாசித்தும் எனக்குள் இறங்கவில்லை. கெட்ட அம்பயர் வந்து நின்றதும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. முடியாது என்பதை இப்படித்தான் காட்டுவார்கள் போலிருக்கிறது என்று, வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு நிரூபணம் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அன்று மாலையே செமினியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டுக்குப் பதில் எத்தனை பேர் என்றாலும் பொருந்தும்படி அவள் சொல்லச் சொல்ல மாற்றினோம். அம்பயரை அப்படியே வைத்தேன், பேட்மிண்டனையும் வைத்தேன். அவள் என் தாளைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"நாலு வார்த்தையாச்சும் மாத்தி எழுது," என்றேன்.

"மாத்தினா தப்பாயிடாதா? சரியா இருக்கறத எதுக்கு மாத்தணும்?"

தமிழ்ப் பள்ளியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வாய்பாட்டிலும் வரையறையிலும் ஒரு சொல் பிசகினால் அடி விழும். நிரூபணமும் அவளுக்கு அந்த வகை. கமா உட்பட அப்படியே எழுதினாள். நானும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து விரிவுரையாளர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், முனைவர் என்பதால் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், கத்திப் பேசிப் பார்த்ததில்லை. மேசைமேல் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கலந்து பேசலாம், ஆனால் அவரவர் தனியாக எழுத வேண்டும் என்பது விதி என்று நினைவுபடுத்தினார். எல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு தாளிலும் ஒரே அம்பயர், ஒரே பேட்மிண்டன், ஒரே வாக்கியங்கள் என்றார். பிறகு கேட்டார், இதை எழுதியது யார்?

"நான்தான் எழுதினேன், டாக்டர்," என்றேன்.

உண்மை.

அவள் உன் தாளைப் பார்த்து எழுதினாளா?

ஆமாம் என்றேன். அதுவும் உண்மை.

அவர் அவள் பக்கம் திரும்பி, நாலாவது வரியை விளக்கச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "தி அம்பயர், டாக்டர்... ஹி நாட் லை, டாக்டர்... பட் ஹி..." அதற்கு மேல் வரவில்லை. மலாயில் ஒரு சொல் சொல்லிப் பார்த்தாள், அதையும் விட்டுவிட்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவள் மேலுதட்டில் வேர்வை இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்போல் சொன்னவள், ஒரு வார்த்தைக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் என்னிடம் கேட்டார், நீ விளக்க முடியுமா?

நான் விளக்கினேன். அழகாக விளக்கினேன். அவர் தலையாட்டியதும் இன்னும் உற்சாகமாகக்கூட விளக்கினேன். வெட்கக்கேடு.

யோசனை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, முன்னால் சொன்னதை மாற்றவில்லை. அந்தக் கெட்ட அம்பயரைப் புரிந்துகொண்டதாகப் பெருமைப்பட்டவள், அந்த நாற்காலியில் அவனாகவே உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு அறையைவிட்டு வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே தெரிந்துவிட்டது.

முடிவு மறுநாள் மின்னஞ்சலில் வந்தது. அவளுக்குப் பூஜ்ஜியம், அதனால் பாடத்தில் தோல்வி. எனக்குத் தாளைக் காட்டிய குற்றத்துக்காகப் பாதி மதிப்பெண் வெட்டு, ஓர் எச்சரிக்கை. மேல்முறையீடு செய்ய மூன்று நாள் உண்டு என்று கடைசியில் போட்டிருந்தது.

"பரவால்ல, விடு லா," என்றாள் அவள். அழவில்லை. மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதித் தா என்றும் கேட்கவில்லை. அவளுக்கு அதுவரை ஆங்கிலத்தில் எல்லாக் கடிதமும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

முதல் நாள் கடிதத்தை ஆரம்பித்து நாலு தடவை அழித்தேன். இரண்டாம் நாள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தே பொழுது போயிற்று. மூன்றாம் நாள் விரிவுரையாளரின் அறைவரை போனேன். கதவில், மூன்று மணிக்குத் திரும்புவேன் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அப்போது இரண்டே முக்கால். பத்து நிமிடம் நின்றேன். பிறகு வகுப்பு இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அன்று வகுப்பு இருந்தது, அதுவும் பொய்யில்லை.

அவள் இடம் போயிற்று. அவள் மாமா ஒரு வேனைக் கொண்டுவந்தார். மெத்தை, மின்விசிறி, சோறு ஆக்கும் குக்கர் எல்லாவற்றையும் நானும் சேர்ந்து கீழே தூக்கிவந்தேன். அவள் வேனில் ஏறும்போது, "உன் தாளு திரும்பி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. பாதி மார்க் வெட்டிட்டாரு," என்றேன்.

"ம்," என்றாள். வேன் கிளம்பியது.

நான் சொல்லாமல் மென்று விழுங்கியது ஒன்று உண்டு. விரிவுரையாளர் முதலில் திருத்தியது என் தாளை. இரண்டாவது தாள் அவர் கைக்கு வருவதற்கு முன்னால், அம்பயர் வருகிற நாலாவது வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'எலிகன்ட்' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். கணக்குக்காரர்கள் சரி என்று எழுதுவார்கள், எப்போதாவது நன்று என்பார்கள். இந்தச் சொல்லை இலேசில் எழுத மாட்டார்கள். நேர்த்தி என்றும் அழகு என்றும் சேர்த்துப் பொருள். அவள் தாளில் ஒரு பூஜ்ஜியம் மட்டும்தான் இருந்தது, திருத்தவே இல்லை.

நான் பட்டம் வாங்கினேன். கேஎல் சென்ட்ரல் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்தே போகிறேன். அவளும் நானும் பிறந்தநாளுக்கு மட்டும் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். கடந்த தீபாவளிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தாள் மறுபடி கைக்கு வந்தது. உட்கார்ந்து வாசித்தேன். அழுகை வந்தது, என்மேலேயே எரிச்சலாகவும் வந்தது. அந்த வாரமே அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அவள் இப்போது துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறாள், எந்த லோரி எந்தச் சரக்கை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் பொறுப்பு. கொஞ்சம் இளைத்திருந்தாள். தோசை வந்தது, இரண்டு பேரும் தொடவில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனதையெல்லாம் மறந்துபோய், அது உன் நிரூபணம், நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, பயந்தேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும்லா," என்றாள்.

"நீ ஏன் அப்பவே கேக்கல?"

"என்னன்னு கேக்குறது? நீ ஒரு பொய்கூட சொல்லல. பொய் சொல்லியிருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன்." கரண்டியால் சாம்பாரைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "மூணு நாளு இருந்துச்சு. நீ ரூமுக்கு வர ஒவ்வொரு தடவையும், இப்ப சொல்லுவ, போய் பேசிட்டேன்னு சொல்லுவன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்த மூணு நாளுதான் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல."

இப்போதாவது பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "என் மகளை ஆயாகிட்ட விட்டுட்டு நான் எந்த வகுப்புல போய் உட்காருறது?" என்று கேட்டாள். பிறகு பார்வையை வெளியே தெருவில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ப்ரூஃப் சரிதானே? நாலு மேட்ச்சு, எட்டு சேதின்னு சொன்னது... எங்கயாச்சும் ஓட்டை இருந்துச்சா?"

இத்தனை வருடம் அவள் இடத்தைப் பறித்ததற்காகத்தான் நான் வருந்திக்கொண்டிருந்தேன். அது சரியா தப்பா என்றுகூடத் தெரியாமல் அவள் இருந்திருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேனில் ஏறும்போது என் தாளைப் பற்றி அவள் கேட்டது அதற்காகத்தான்.

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஆங்கில வரிகளின் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தாள், உதடுகள் அசைந்தன. நாலாவது வரியில் விரல் நின்றது. அந்தச் சிவப்புச் சொல்லை வெகுநேரம் பார்த்தாள். அதன்மேல் விரலால் ஒருமுறை தடவினாள்.

"நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரு," என்றாள்.

"ஆமா."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இந்த முறை அவள் கேட்டதற்கு நேரான பதில் சொன்னேன். அவள் கண் நிறைந்தது, ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ வச்சிக்க. அத உனக்குத்தான் கொண்டுவந்தேன்," என்றேன்.

"வேணாம்," என்றாள். "இதுல உன் பேரு இருக்கு."

மகளைக் கூட்டிவர நேரமாயிற்று என்று எழுந்தாள். தோசைக்கு அவளே பணம் கொடுத்தாள், நான் தடுத்தும் கேட்கவில்லை. நான் திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டும்வரை தாளைக் கையிலேயே வைத்திருந்து, பிறகு பைக்குள் போட்டேன்.